எழுபதில் ஒன்று

'செல்லாக்காசு' என்பது தமிழில் இகழ்ச்சிச் சொல்லாகவே வழங்கி வருகிறது. எதற்கும் உதவாத பொருளையும், எவரும் மதியாத மனிதரையும் சுட்ட அந்த ஒரு சொல் போதும். கைமாறிக் கைமாறி எழுத்தழிந்து, உருவழிந்து, மழுங்கிய வட்டத்தகடாக எஞ்சிய காசைக் கடைக்காரர் திருப்பித் தருவார். தட்டார் அதை எடைக்கு மட்டுமே கொள்வார். இது எந்நாட்டிலும் காணும் வழக்கம். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், இத்தகைய காசுகளையே தேடிச் சேர்த்து, தரச்சான்று பெற்று, பெருமையுடன் வரிசைப்படுத்தும் சேகரிப்பாளர் சிலர் உளர். 70 மதிப்பெண்ணுக்கு 1 மட்டுமே பெற்ற காசு அவர்களுக்குத் தலைமணி போன்றது. அந்த ஒன்று என்னும் எண் எவ்வாறு பிறந்தது, இழிவின் அடையாளமாக இருந்த அது எவ்வாறு மதிப்பின் அடையாளமாயிற்று என்பது, காசின் வரலாறாக மட்டுமன்றி மனித மனத்தின் வரலாறாகவும் அமைகிறது.

தேய்ந்த காசுக்குச் சட்டம் இட்ட விலை

அமெரிக்காவின் அக்கசாலை 1792ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிலடெல்பியா நகரில் நிறுவப்பெற்றது. 1793இல் செப்புச் சென்ட்டுகள் அங்கிருந்து புழக்கத்திற்கு வரத் தொடங்கின. எனினும் ஒரு புதிய நாட்டின் வாணிகத் தேவை முழுவதையும் அந்தச் சிறிய அக்கசாலையால் நிறைவு செய்ய இயலவில்லை. ஆகவே ஸ்பானிய ஆட்சியின் கீழ் மெக்சிகோ முதலிய இடங்களில் அச்சிடப்பெற்ற வெள்ளி ரியால்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்கக் கடைவீதிகளில் சட்டப்படி செல்லுபடியாகி வந்தன. 8 ரியால் ஒரு டாலருக்கு நிகர். எனவே 2 ரியால் கால் டாலர்.

பல தலைமுறைகள் புழங்கிய அந்தச் சிறு வெள்ளிக்காசுகளிற் பெரும்பாலானவை அரசரின் முகமும் ஆண்டும் தெரியாத அளவிற்கு மழுங்கிப் போயின. 1857ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இயற்றப்பெற்ற சட்டம் அயல்நாட்டுக் காசுகளின் செல்லுபடியை நீக்கியது. அவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், அரசு அலுவலகங்களில் 2 ரியாலை 20 சென்ட்டுக்கும், ஒரு ரியாலை 10 சென்ட்டுக்கும், அரை ரியாலை 5 சென்ட்டுக்கும் பெற்றுக்கொள்ளவும் வழி செய்தது. காசின் மேல் எழுதிய மதிப்பு வேறு, தேய்ந்த பின் எஞ்சும் மதிப்பு வேறு என்பதை அரசே ஏற்று எண்ணிட்ட நிகழ்ச்சி இது.

அதே சட்டம் பழைய பெரிய செப்புச் சென்ட்டையும் அரைச் சென்ட்டையும் நிறுத்தியது. குழந்தைப் பருவம் முதல் கையில் புழங்கிய காசு மறையப் போகிறது என்றறிந்த மக்கள், ஆண்டுக்கு ஒன்றாக அவற்றை எடுத்து வைக்கலாயினர். அமெரிக்காவில் நாணயச் சேகரிப்புப் பரவலான பழக்கமாகத் தழைத்தது அப்போதுதான். நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் 1858இல் தோன்றியதும் இச்சூழலிலேயே. அவ்வாறு சேர்ந்த செப்புச் சென்ட்டுகளே, நூறாண்டுக்குப் பின் 70 என்னும் அளவுகோலுக்கு விதையாயின.

ஷெல்டன் வகுத்த அளவுகோல்

காசின் நிலையைக் குறிக்க நெடுங்காலம் 'நன்று', 'மிக நன்று', 'சிறப்பு' என்னும் சொற்களே வழங்கின. விற்பவர் நன்று என்பதை மிக நன்று என்பார். வாங்குபவர் அதையே சுமார் என்பார். சொல்லால் அமைந்த தரம் சொல்பவரின் நாவுக்கேற்ப வளைந்தது.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர் வில்லியம் ஷெல்டன் (1898-1977). அவர் உளவியல் அறிஞர், மருத்துவமும் கற்றவர். மனித உடலமைப்பை மூவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்தவர் என்ற முறையில் அக்காலத்தில் பெயர் பெற்றிருந்தார். எதையும் எண்ணால் அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கையுடைய அவருக்குப் பழைய செப்புச் சென்ட்டுகளின் மீதும் தீராத பற்று இருந்தது. 1949இல் அவர் வெளியிட்ட, 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளைப் பற்றிய நூலில் புதிய அளவுகோல் ஒன்றை அறிமுகப்படுத்தினார். 1958இல் அந்நூலின் திருத்திய பதிப்பு வெளிவந்தது.

அவர் கணக்கு எளிமையானது. இன்ன வகைக் காசு என்று அடையாளம் காணக்கூடிய, ஆனால் அதற்குமேல் சிறப்பு ஏதுமற்ற, சிதைக்கப்படாத காசின் நிலையை அடிநிலை என்றார். அதற்கு எண் 1. அக்காலச் சந்தையில், 1794ஆம் ஆண்டுச் சென்ட்டுகளில் மிகச் சிறந்த நிலையிலுள்ளது அடிநிலைக் காசைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு விலை பெற்றது. ஆகவே உச்சத்திற்கு எண் 70. ஒரு வகைக் காசின் அடிநிலை விலை 2 டாலர் என்றால், 20ஆம் தரத்திலுள்ள அதே வகைக் காசின் விலை 40 டாலர். தரத்தை அடிவிலையால் பெருக்கினால் விலை கிடைத்துவிடும்.

அளவுகோல் முழுவதையும் தாங்கி நின்றது அந்த 1 தான் என்பது இங்கே கருதத்தக்கது. உச்சியிலுள்ள காசின் விலையைக் கணக்கிடவும் அடியிலுள்ள காசின் விலையே வேண்டியிருந்தது.

விலைக்கணக்கு நீண்டநாள் நிலைக்கவில்லை. சிறந்த காசுகளின் விலை பன்மடங்கு ஏறியபோது, 70 மடங்கு என்னும் வரம்பு உடைந்தது. ஆனால் விலை தொலைந்த பின்னும் எண்கள் தங்கிவிட்டன. செப்புச் சென்ட்டுக்கு மட்டும் வகுத்த அளவுகோல் வெள்ளிக்கும் பொன்னுக்கும் பரவியது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1977இல் வெளியிட்ட தர விதிநூலும் அந்த எண்களையே ஏற்றுக்கொண்டது.

உறைக்குள் இடப்பட்ட காசு

எண் வந்தும் பூசல் ஓயவில்லை. விற்பவரே தரம் கூறும் வரை ஐயம் தீராது என்ற நிலையில், 1986இல் பி.சி.ஜி.எஸ். என்னும் நிறுவனமும் 1987இல் என்.ஜி.சி. என்னும் நிறுவனமும் தரச்சான்று வழங்கும் தொழிலைத் தொடங்கின. காசை அனுப்புவோர் கட்டணம் செலுத்துவர். தேர்ச்சி பெற்ற மதிப்பீட்டாளர் சிலர், அது யாருடைய காசு என்பதை அறியாமலே ஆராய்ந்து எண் இடுவர். பின்னர் அக்காசு, எண் பொறித்த சீட்டோடு, பிரித்தால் தடயம் காட்டும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு மூடப்படும்.

இந்த ஏற்பாடு விலையுயர்ந்த காசுகளுக்காகவே பிறந்தது. 64க்கும் 65க்கும் இடையிலுள்ள ஓர் எண் வேறுபாட்டில் பெரும்பணம் கைமாறும் சந்தையில், நடுநிலையாளர் ஒருவரின் சொல் தேவைப்பட்டது. தேய்ந்த காசுக்குச் சான்று பெறுவதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். சான்றுக் கட்டணம் காசின் விலையையே மிஞ்சிவிடுமே!

அதன்பின் இந்நிறுவனங்கள் சேகரிப்பாளரின் தொகுப்புகளை வரிசைப்படுத்தும் பதிவேடுகளை ஏற்படுத்தின. ஒரு வகைக் காசின் எல்லா ஆண்டுகளையும் சேர்த்தவருள், சராசரித் தரம் மிகுந்தவர் முதலிடம் பெறுவார். பணம் மிகுந்தவரே அதில் வெல்ல முடியும் என்பது சொல்லாமலே விளங்கும். இதன் மறுதலையாக எழுந்ததே தாழ்தரத் தொகுப்பு. அமெரிக்கச் சேகரிப்பாளர் அதை 'லோ பால்' என்று வழங்குவர். அதில் கணக்கு தலைகீழ். சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்வு. எல்லாக் காசும் 1 என்னும் தரத்தில் அமைந்த தொகுப்பே நிறைவான தொகுப்பு. பி.சி.ஜி.எஸ். பதிவேட்டில் இதற்கெனத் தனிப்பிரிவே உண்டு.

ஒன்று என்பதன் பொருள்

வெறும் தேய்ந்த காசு என்றால் கிடைப்பதற்கு என்ன அருமை என்று தோன்றலாம். அருமை, அந்த ஒன்றுக்கு விதித்த நிபந்தனையில் இருக்கிறது. 3ஆம் தரத்தில் விளிம்பு தேய்ந்திருக்கும். ஆயினும் எழுத்துகளிற் பெரும்பாலானவை படிக்கத்தக்கவையாக இருக்கும். 2ஆம் தரத்தில் பெரும்பகுதி மழுங்கியிருப்பினும் உருவத்தின் சில கூறுகள் தெரியும். 1ஆம் தரத்தில் இவை எதுவும் இல்லாமற் போகலாம். ஆனால் இரண்டு மட்டும் புலப்பட வேண்டும்: அது எவ்வகைக் காசு என்பதும், எந்த ஆண்டுக் காசு என்பதும். அந்த இரண்டில் ஒன்று மறைந்தாலும் எண் கிடையாது. அதன்பின் அது வெறும் உலோகம்.

ஆகவே ஒன்று என்பது அழிவின் எண்ணன்று. அழிவுக்கு முந்திய கடைசிப் படியின் எண். எல்லாம் தேய்ந்த பிறகும் பெயரையும் பிறந்த ஆண்டையும் சொல்ல வல்ல காசுக்கே அது உரியது. இன்னும் சில ஆண்டுகள் புழங்கியிருந்தால் அந்தச் சொல்லும் போயிருக்கும். தேய்மானம் மிகாமலும் குறையாமலும் அந்த ஒரு கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

எந்தக் காசு அக்கோட்டில் நிற்கும் என்பதை அதன் வடிவமைப்பே தீர்மானிக்கிறது. 1916 முதல் 1930 வரை வெளிவந்த, நிற்கும் சுதந்திர தேவி பொறித்த கால் டாலர் இதற்குத் தக்க சான்று. ஹெர்மன் மெக்நீல் என்னும் சிற்பி வகுத்த அக்காசில், தேவியின் காலடிப் படியில் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அப்பகுதி மேடாக அமைந்தமையால், புழக்கத்தில் முதலில் தேய்ந்தது ஆண்டே. தேவியின் உருவம் நன்கு தெரிய, ஆண்டு மட்டும் மறைந்த காசுகள் மலிந்தன. அக்கசாலை இக்குறையை உணர்ந்து, 1925 முதல் ஆண்டைப் பள்ளமாக அமைந்த இடத்தில் பொறித்தது. இதன் விளைவாக, 1925க்குப் பிந்திய காசுகள் உருவம் முழுதும் மழுங்கிய பின்னும் ஆண்டைக் காத்து நிற்க, முந்திய காசுகள் அந்த நிலையை அடையுமுன்பே ஆண்டை இழந்துவிடுகின்றன. எனவே 1925க்கு முந்திய காசு ஒன்று, உருவெல்லாம் தேய்ந்தும் ஆண்டு தெரிய, 1ஆம் தரத்தில் கிடைப்பது மிக அரிது.

ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் வடித்த எருமை நிக்கலுக்கும் (1913-1938) இதே விதி. அதில் ஆண்டு, செவ்விந்தியரின் தோள்மேட்டில் அமைந்தது. அதுவும் விரைவில் தேய்ந்தது. ஆண்டு மறைந்த நிக்கலின் மீது ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டினால், மறைந்த எண் மங்கலாகத் தோன்றும். அச்சு அழுத்தியபோது எண்ணின் கீழிருந்த உலோகம் சுற்றியுள்ள உலோகத்தைவிட வேறுவிதமாக இறுகியிருப்பதால், அமிலம் அவ்விடத்தை வேறுவிதமாக அரிக்கிறது. மேற்பரப்பில் அழிந்தது உள்ளே நினைவாகத் தங்கியிருக்கிறது எனலாம். ஆயினும் அமிலம் பட்ட காசைச் சான்று நிறுவனங்கள் சிதைவுற்ற காசாகவே கொள்ளும். அதற்குத் தூய ஒன்று கிடையாது. தானே சொல்லாத ஆண்டை வலிந்து சொல்ல வைத்தால் அந்தச் சாட்சி ஏற்கப்படுவதில்லை.

மிகுதியாய் இருந்தும் அரிதானவை

சில காசுகள் வடிவமைப்பால் அன்றி வரலாற்றால் அரிதாயின. 1878 முதல் 1904 வரையும் மீண்டும் 1921இலும் அச்சான மார்கன் வெள்ளி டாலர் அவ்வகையினது. வெள்ளிச் சுரங்கங்களின் நலன் கருதி இயற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம், மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கிக் காசாக்க வேண்டும் என்று விதித்தது. காசு குவிந்தது, ஆனால் 26.73 கிராம் எடையுள்ள அதைச் சுமக்க மக்கள் விரும்பவில்லை. அதற்கு ஈடான வெள்ளிப் பத்திரம் என்னும் தாளையே பலரும் கையாண்டனர். டாலர்கள் கருவூலத்தில் மூட்டை மூட்டையாக உறங்கின. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஏராளமானவை 1960களின் தொடக்கத்தில் புத்தம் புதியனவாகவே மூட்டையிலிருந்து வெளிவந்தன.

இதனால் மார்கன் டாலரில் பளபளக்கும் காசு எளிதாகவும், முற்றும் மழுங்கிய காசு அரிதாகவும் அமைந்தது. பொதுவாக மலிந்த ஆண்டுகளில், 1ஆம் தரத்து டாலர் 8ஆம் தரத்து டாலரைவிட மிகுந்த விலை பெறுவதுண்டு. ஷெல்டனின் பெருக்கல் கணக்கு இங்கே முழுதும் கவிழ்ந்துவிட்டது.

பொற்காசு இன்னும் அரிது. அது கடைவீதியில் அலைந்ததைவிட வங்கிப் பெட்டகத்தில் கிடந்ததே மிகுதி. எடை குறைந்தால் அதன் செல்லுபடியும் குறைந்தமையால், தேய்ந்த பொற்காசு நெடுநாள் புழக்கத்தில் நிற்க இயலவில்லை. 1933இல் அரசு பொற்காசுகளைத் திரும்பப் பெற்றபோது எண்ணற்றவை உருக்கப்பட்டன. மாறாக, 1892இல் சார்லஸ் பார்பர் வகுத்த வடிவில் வெளிவந்த சிறு வெள்ளிக்காசுகள் எளியோர் கையில் பல பத்தாண்டுகள் உழைத்தவை. அவற்றில் தேய்ந்தவையே மிகுதி, தேயாதவற்றுக்கே விலை. எது உழைத்தது, எது உறங்கியது என்பதைத் தேய்மானமே காட்டிக்கொடுக்கிறது.

நேர்மையான தேய்மானம்

தாழ்தரக் காசுக்கு மதிப்பு வந்ததும் அதனோடு ஒரு தீங்கும் வந்தது. நன்னிலையிலுள்ள காசைச் செயற்கையாகத் தேய்த்து ஒன்றாக்க முயல்வோர் தோன்றினர். தோலிலோ மணலிலோ உருட்டித் தேய்த்த காசில், மேடும் பள்ளமும் ஒருசேர மழுங்கியிருக்கும். நிறம் இயல்பாக இராது. நெடுங்காலம் விரல்களிடையே புழங்கிய காசில் மேடு முதலிலும் பள்ளம் பின்னரும் தேயும்; பள்ளங்களில் காலத்தின் கருமை தங்கும். பயின்ற கண் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளும். ஒரே காசைப் பல ஆண்டுகள் சட்டைப்பையில் வைத்துத் தேய விடுவோரும் உண்டு. அது ஏமாற்றா, பொறுமையா என்பது சேகரிப்பாளரிடையே இன்றும் தீராத வழக்கு.

இயல்பான தேய்மானம் எது என்னும் வினா புதிதன்று. 1873ஆம் ஆண்டின் அமெரிக்க நாணயச் சட்டம் பொற்காசைப் பற்றி இதே வினாவை எழுப்பி விடையும் கூறியது. இயல்பான உராய்வால், 20 ஆண்டுப் புழக்கத்தில், எடையில் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேற்படாமல் குறைந்த காசைக் கருவூலம் முழு மதிப்புக்கே ஏற்க வேண்டும். 20 ஆண்டுக்குக் குறைந்த காலமாயின் அந்த விகிதப்படி ஏற்க வேண்டும். எத்தனை ஆண்டு புழங்கியது என்பதற்குக் காசின் மீதுள்ள ஆண்டே சாட்சி. சுரண்டிப் பொன் திருடியவரின் காசையும், உழைத்துத் தேய்ந்த காசையும் பிரித்தறிய அச்சட்டம் கைக்கொண்ட உரைகல் ஆண்டெண் ஒன்றே. ஆண்டு தெரிந்தால்தான் ஒன்று என்னும் இன்றைய விதியும் அதே கருத்தின் எதிரொலியாகத் தோன்றுகிறது.

அளவுகோலை வகுத்தவரே இவ்வுரைகல்லில் தோற்றார் என்பது இவ்வரலாற்றின் துயரமான பக்கம். பிட்ஸ்பர்க் தொழிலதிபர் ஜார்ஜ் கிளாப், தம் வாழ்நாள் உழைப்பால் சேர்த்த செப்புச் சென்ட்டுகளை 1946இல் அமெரிக்க நாணயவியல் கழகத்திற்கு நன்கொடையாக அளித்தார். ஆய்வுக்காக அத்தொகுப்பைக் கையாளும் உரிமை ஷெல்டனுக்குக் கிடைத்தது. அவர் அதிலிருந்த உயர்தரக் காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தாழ்ந்த தரக் காசுகளை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார். தட்டுகளில் எண்ணிக்கை குறையவில்லை, வகையும் மாறவில்லை, தரம் மட்டுமே மாறியது. பழைய ஒளிப்படங்களோடு காசுகளை ஒப்பிட்டபோதே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அவர் காலமாகியிருந்தார். காசுகளோ வேறு கைகளுக்கு மாறியிருந்தன. வழக்கு கலிபோர்னியா நீதிமன்றங்களுக்குச் சென்றது. களவு வெளிப்பட்ட பின்னரே உரிமையாளரின் காலவரம்பு தொடங்கும் என்னும் கருத்தை 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. முடிவில் வெற்றி கழகத்தின் பக்கமே சேர்ந்தது.

ஒரு தரத்திற்கும் மற்றொரு தரத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உலகுக்குக் கற்பித்தவர், அந்த வேறுபாட்டையே திருடினார். எண் காசை அளந்ததேயன்றி, அதை வகுத்தவரின் பற்றை அளக்கவில்லை.

தாழ்தரத் தொகுப்பின் கதையிலும் இந்த எச்சரிக்கை உண்டு. வசதியற்ற சேகரிப்பாளர் 1794ஆம் ஆண்டுச் சென்ட் ஒன்றைத் தொட்டுப் பார்க்க, தேய்ந்த காசே ஒருகாலத்தில் வாயிலாக இருந்தது. அதற்கும் எண்ணும் வரிசையும் முதலிடமும் வந்தபோது, உச்சியில் நடந்த போட்டி அடியிலும் தொடங்கிவிட்டது. உயர்ந்ததை விரும்பும் பற்றும் தாழ்ந்ததை விரும்பும் பற்றும் பதிவேட்டின் இரு முனைகளேயன்றி வேறல்ல.

எனினும் உறைக்குள் இருக்கும் அந்தக் காசுக்கு இப்போட்டி எதுவும் தெரியாது. ரொட்டிக்கும் பாலுக்கும், கூலிக்கும் வாடகைக்கும் அது கைமாறியது. ஒவ்வொரு கையும் கண்ணுக்குப் புலப்படாத துகளளவு வெள்ளியை எடுத்துக்கொண்டது. தேவியின் முகம் போயிற்று. கழுகின் இறகு போயிற்று. நாட்டின் பெயரும் போயிற்று. நான்கு இலக்கங்களின் நிழல் மட்டும், சாய்த்துப் பிடித்தால் ஒளியில் தெரிகிறது. அந்த நிழலைக் கண்ட மதிப்பீட்டாளர் சீட்டில் 1 என்று எழுதுகிறார். எழுபதைப் பெற்ற காசு எவருக்கும் எதையும் வாங்கித் தந்ததில்லை; ஒன்றைப் பெற்ற காசு தன்னால் இயன்றது அனைத்தையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.